இடது மூலையில் ஒரு கறை

புந்தா அரேனாசில் காற்று வீசுவதில்லை,
குடியிருக்கிறது.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
அப்படிக் கயிறு கட்டிய ஒரு நாளில்தான்
படுக்கை விரிப்பைக் கொடியில் போட்டேன்.
மூன்று கவ்விகள். நான்காவது உடைந்திருந்தது.
விரிப்பு உப்பி எழுந்து
நீரிணைக்கு மேலே பாய்மரமாய் நின்றது.
எடுத்தேன்.
இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நொடி.

வலைத்தளம் கட்டப் பதினோரு இரவுகள் ஆயின.
பின்னணிக்கு எந்தச் சாம்பல் நிறம் என்பதற்கே இரண்டு இரவு.
விலைப்பட்டியலை மூன்று முறை ஏற்றி
மூன்று முறை இறக்கினேன்.
'என்னைப் பற்றி' என்ற பக்கத்தில்
யாஸ்னா, படம் எடுப்பவள்
என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை.

பிறகு பூட்டுகள்.
வலது சொடுக்கை அடைத்தேன்.
படங்களை ஆயிரத்து இருநூறு புள்ளிக்குச் சுருக்கினேன்.
கோப்புக்கு உள்ளே பெயர், தேதி, தொலைபேசி எண்,
பள்ளிப் பிள்ளையின் சட்டைக் கழுத்தில் தைப்பதுபோல.
நீர்க்குறியை எங்கே வைப்பது?
ஓரத்தில் வைத்தால் வெட்டிவிடுவார்கள்.
நடுவில் வைத்தால்
கடல் பார்க்க வந்தவர்கள்
என் பெயரைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.
மங்கலாக வைத்தேன்,
மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

பக்கத்து வீட்டு ஸ்லாவ்கோ எட்டிப் பார்த்தார்.
பையிலிருந்து கைபேசியை எடுத்துத்
திரையை அப்படியே ஒரு படம் பிடித்தார்.
"இப்போது என்னிடமும் இருக்கிறது."
சிரித்தோம். நான் கொஞ்சம் குறைவாக.
வலை என்றாலே
ஓட்டைகளைச் சேர்த்துக் கட்டியதுதானே.

மார்ச்சில், படத்தைக் கொடுத்து
அதன் சாயலைத் தேடச் சொன்னேன்.
பதினான்கு இடங்கள்.
ஒரு பல் மருத்துவமனை.
யாரோ ஒருவரின் இரங்கல் அறிவிப்பு
(அவர்களை விட்டுவிட்டேன்).
இத்தாலியில் ஒரு விடுதி, 'எங்கள் சன்னலிலிருந்து' என்று.
அதற்கடுத்து, சலவைத்தூள்.
மொந்தேவிதேயோவில் ஒரு பேருந்து நிறுத்தம் முழுக்க
என் விரிப்பு.
நீர்க்குறி இல்லை.
அது போகட்டும்.
கறையும் இல்லை.

அந்தக் கறையை எனக்குத் தெரியும்.
இடது மூலையில், கட்டைவிரல் அகலம்,
காலஃபாத்தே பழத்தின் ஊதா.
ஒரு ஞாயிறு காலையில் நெல்டா
படுக்கையிலேயே ஜாம் தின்று கொட்டியது.
அவள் வடக்கே வேலை மாறிப் போனபின்
ஆறு முறை துவைத்திருக்கிறேன்.
ஒரு முறைகூட
முழு மனதாகத் தேய்க்கவில்லை.

படத்தை எடுத்தது நான்.
படத்தை எடுத்தது அவர்கள்.
ஒரே வினைச்சொல்லில்
இரண்டு பேர் எப்படிக் குடித்தனம் செய்வது?

கடிதம் எழுதினேன்.
சட்டத்தின் பெயர், பிரிவு எண், இறுதி நாள் எல்லாம் போட்டு.
கூடவே அசல் கோப்பிலிருந்து
அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி இணைத்தேன்.
கடைசி வரி:
"இதை வெளுத்தது உங்கள் தூள் அல்ல
என்று நம் இருவருக்கும் தெரியும்."

பத்தொன்பது நாள் கழித்துப் பதில்.
படம் நீக்கப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.
யாருடைய சிரமம் என்று இல்லை.
பணம் பற்றியும் இல்லை.
வழக்கறிஞர் கேட்ட கட்டணத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கலாம்.
லென்சும் வாங்கவில்லை.
இத்தாலியில் இன்னும்
அந்தச் சன்னலுக்கு வெளியே என் கடல் இருக்கிறது.
தங்கப் போகிறவர்கள் திரையை விலக்கும்போது
என்ன சொல்லிச் சமாளிப்பார்களோ.

நேற்றிரவு தளத்தைத் திருத்தினேன்.
அந்த ஒரு படத்திலிருந்து மட்டும்
என் பெயரை அழித்தேன்.
மற்றவற்றில் இருக்கட்டும்,
அவற்றில் யாரும் எதுவும் கொட்டவில்லை.

காலையில் பார்த்தால்
கொடியில் மூன்று கவ்விகள், விரிப்பைக் காணோம்.
மத்தியானம் ஸ்லாவ்கோ கதவைத் தட்டினார்,
கக்கத்தில் சுருட்டிய ஈரத் துணி.
"வேலியில் மாட்டிக்கொண்டு கிடந்தது.
மூலையைப் பார்த்தேன், உன்னுடையது."
கொடுத்துவிட்டுத் திரும்பியவர்
படியில் நின்று சொன்னார்:
"அந்த நாலாவது கவ்வியை வாங்கித் தொலைக்கக் கூடாதா?"